ஆன்டெனாவை ஒளித்துவைத்த பிறகு

நான் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேஸை மூடினேனா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிறவள். லிஃப்டில் ஏறினால் கதவு திறக்கும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறவள். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட மனிதர், ஐம்பது வயதுக்கு மேல், ஒரு காபித் தோட்டக்காரரிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஜோகுபாளையத்துச் சந்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். எருமை மாட்டின் பருமன். முன்னால் கார் மாதிரி கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின் சீட்டுக்குப் பின்னால் இன்னொரு பெரிய பெட்டி. இது போதாதென்று ரேடியோ வேறு. அவருக்கு இரண்டு ஸ்பீக்கர், பின்னால் உட்காருகிற எனக்கு இரண்டு. அந்த ரேடியோவுக்காக இடது பக்கம், என் தோளை ஒட்டி, ஒரு கறுப்புக் கம்பி நெட்டுக்குத்தாக நின்றது. நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் என் தலைக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். சந்தில் பாதிப் பேர் அது போலீஸ் வண்டி என்றே நினைத்தார்கள்.

எனக்கு ஏன் வண்டி என்றால் இத்தனை பயம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். எந்த வேகத்தில் விழுந்தால் எது உடையும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வருஷத்துக்கு முன், இதைவிடச் சின்ன வண்டி ஒன்று இருந்தபோது, நான் டூட்டியில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரெச்சர் ஒன்று உள்ளே வந்தது. முதலில் கண்ணில் பட்டது சட்டை. காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டை. நரசாபுரத்துக்குப் பக்கத்தில் நாய் குறுக்கே வந்ததாம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தன. என்ன வேகத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "நிதானமாத்தான் சார் வந்தேன்" என்றார் இவர், அந்த நிலைமையிலும். எக்ஸ்ரே வேறு மாதிரி சொன்னது.

இவர் கோலார் தங்கவயல்காரர். மாமனார் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். இப்போது சுரங்கமும் இல்லை, மூச்சும் சரியாக இல்லை. ஆனாலும் சுரங்கத் தொழிலாளர் லைனில் இருக்கும் அந்த வீட்டை விட்டு எங்களோடு வந்து தங்க மாட்டார். நாத்தனார் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். அதனால் ஞாயிறு தவறாமல் இவருக்கு அங்கே போயாக வேண்டும். ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. வாரம் முழுக்க பொம்மனஹள்ளி ஃபாக்டரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமையும் பஸ்ஸில் ஏறினால் செத்துப்போய்விடுவேன் என்கிறார். கால் சேர்ந்ததும் வாங்கியதுதான் இந்த எருமை. கனமான வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகுமாம்.

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். நானும் வருவேன். எனக்கு வண்டி மேல் ஆசை என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள். மணமான பிள்ளைகள் இருக்கிற வயதில் பார் எப்படி ஜோடியாகப் போகிறார்கள் என்று பேசியதும் காதில் விழுந்தது. பேசட்டும். நான் அந்த சீட்டில் உட்கார்ந்தது பிரேக்காக. தனியாகப் போனால் இவர் கை சும்மா இருக்காது. நான் பின்னால் இருந்தால் முதுகில் தட்டுவேன். தட்டினால் குறைப்பார். அந்தக் குணம் மட்டும் உண்டு.

எப்போது தட்டுவது என்பதுதான் சிக்கல். ஸ்பீடோமீட்டர் என் கண்ணுக்குத் தெரியாது. நான் குள்ளம், அவர் அகலம், போதாததற்கு ஹெல்மெட்டுக்குள் மூக்குக்கண்ணாடி. இங்கேதான் ரேடியோ எனக்குக் கைகொடுத்தது. வண்டியை விற்ற தோட்டக்காரர் முதல் நாளே பெருமையாகச் சொல்லியிருந்தார்: வேகம் கூடினால் காற்று இரைச்சலில் பாட்டு கேட்காது, அதனால் வேகத்துக்குத் தகுந்தபடி ரேடியோ சத்தமும் தானாகவே ஏறும், குறைத்தால் தானாகவே இறங்கும். கேட்ட மாத்திரத்தில் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கே.ஆர். புரம் நெரிசலில் பாட்டு முணுமுணுக்கும். ஹொசகோட்டே தாண்டி ரோடு விரிந்ததும் வாய்விட்டுப் பாடும். அதற்குமேல் அந்த ரேடியோக்காரப் பெண் என் காதில் கத்த ஆரம்பித்தால் முதுகில் ஒரு தட்டு. பாட்டு இறங்கும். எனக்கு மூச்சு வரும். கன்னடப் பாட்டோ, இந்திப் பாட்டோ, நகைக்கடை விளம்பரமோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான். நான் அதில் கேட்டது வேகத்தை மட்டும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் ரேடியோவை அணைத்துவிட்டுப் பறப்பார் என்று பயம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில் மண் விழுந்தது எங்கள் சந்திலேயேதான். எங்கள் சந்தில் ஆகாயம் தெரியாது, ஒயர்தான் தெரியும். டிவி ஒயர், இன்டர்நெட் ஒயர், யாரும் சொந்தம் கொண்டாடாத பழைய ஒயர், ஒன்றின் மேல் ஒன்று. போன வருஷம் பிள்ளையார் சதுர்த்திப் பந்தலுக்காக அவற்றை இழுத்துக் கட்டியவர்கள், பந்தலைப் பிரித்த பிறகு திரும்ப ஏற்றிக் கட்டவில்லை. அந்த ஞாயிறு காலை நாங்கள் கிளம்பினோம். முக்கு திரும்பும்போது ஆன்டெனாவின் நுனி ஒரு தொங்கல் ஒயரில் மாட்டிக்கொண்டது. வண்டி போனது, கம்பி வளைந்தது, வில்லாக வளைந்து, பிறகு விடுபட்டு என் ஹெல்மெட்டில் படீரென்று அடித்தது. ஒயர் அறுந்து தோளில் விழுந்தது. அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இது கரண்ட் ஒயர். நாங்கள் முடிந்தோம்.

கரண்ட் ஒயர் இல்லை. மாடி வீட்டு இன்டர்நெட். அந்த வீட்டுக் கன்னடக்கார அம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனம்மா இது, மகன் மீட்டிங்ல இருந்தான், எல்லாம் கட் ஆயிடுச்சு" என்றாள். நான் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் குரலை இறக்கி, "நீரு பேக்கா?" என்று கேட்டு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

"இன்னா மா, ஒண்ணும் ஆவலையே" என்றார் இவர்.

"இன்னிக்கு ஆவல. நாளைக்கு நெஜமாவே கரண்ட் ஒயர் தொங்கினா? இந்தக் கம்பி மொதல்ல போகணும். இல்லன்னா நான் ஏறமாட்டேன்" என்றேன்.

ஏறமாட்டேன் என்று சொன்னது வெறும் மிரட்டல். நான் ஏறாமல் இவர் போவதை நினைக்கவே என்னால் முடியாது. ஆனால் அவர் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டார். அந்த வாரமே ஆன்டெனா ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு ரப்பர் ஆன்டெனா வாங்கி மாட்டினார். அது கே.ஆர். புரம் பாலம் தாண்டியதும் செத்துப்போனது. பிறகு கம்பியை மடக்கிப் படுக்கவைத்துப் பார்த்தார். அது என் முழங்கையைக் குத்தியது. கடைசியில் ஜே.சி. ரோட்டில் கார்களுக்கு ரேடியோ மாட்டுகிற ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் உருது பேசுகிறவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் கலந்து வந்தன. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "ஃபிகர் நக்கோ மேடம், கவலையே படாதீங்க. ஆன்டெனாவை உள்ளயே ஒளிச்சு வெச்சிடலாம். ஸ்டிக்கர் மாதிரி இருக்கும், ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது" என்றார். எனக்குப் பின்னால் இருக்கும் பெரிய பெட்டி பிளாஸ்டிக். அதன் அடியில் விரித்திருக்கும் ஃபெல்ட் துணியைத் தூக்கி, பட்டையான மெல்லிய ஆன்டெனா ஒன்றை அங்கே ஒட்டி, துணியை மறுபடி விரித்து, சிக்னலைக் கூட்டுகிற சின்ன பூஸ்டர் ஒன்றும் இணைத்தார். கம்பியைக் கழற்றிய ஓட்டையில் ஒரு ரப்பர் மூடி. ரேடியோவைப் போட்டதும் கடை வாசலில் பாட்டு தெளிவாகக் கேட்டது. வீடு வரைக்கும் கேட்டது. சந்து முக்கில் அந்த ஒயருக்குக் கீழே தலை குனியாமல் வந்தேன். எனக்கு அன்று நல்ல தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். பழைய மெட்ராஸ் ரோட்டுக்குள் திரும்பும்போதே ரேடியோ கரகரத்தது. கே.ஆர். புரத்தில் வெறும் இரைச்சல். இவர் ஒவ்வொரு நிலையமாக மாற்றிப் பார்த்தார். எல்லாம் இரைச்சல். அந்த இரைச்சல் என் காதுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் அரிசி புடைப்பதுபோல் கொட்டியது. தாங்க முடியாமல் நானே கத்தினேன்: "அணைங்க அத."

அணைத்தார். அதற்கப்புறம்தான் என்ன கேட்டேன் என்பது எனக்குப் புரிந்தது. ஹொசகோட்டே தாண்டி ரோடு விரிந்தது. காற்று. எஞ்சின். வேறு எதுவும் இல்லை. என்ன வேகம் என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் முந்துகிற லாரிகளைப் பார்த்தேன். லாரி மெதுவாகப் போகிறதா நாங்கள் வேகமாகப் போகிறோமா? துப்பட்டா நுனி அடித்துக்கொள்வதைப் பார்த்தேன். அது காற்றடிக்கும் பக்கத்தைப் பொறுத்தது. சந்தேகம் வந்தபோதெல்லாம் தட்டினேன். அவர் ஒவ்வொரு தட்டுக்கும் குறைத்து, கடைசியில் ஒரு டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. வண்டியை ஓரம் கட்டினார்.

"இன்னாத்துக்கு இப்ப தட்டுன?"

"வேகமா போறீங்க."

"டிராக்டர் போவுது மா நம்மள தாண்டி."

பிறகு தட்டவே கூச்சமாக இருந்தது. தட்டாமல் இருக்கவும் முடியவில்லை. பின் சீட்டின் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் தங்கவயல் வரும்வரை நெரித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் வார்டில் ஊசி மருந்து பாட்டிலின் மூடியை என் விரல்களால் பிரிக்க முடியவில்லை.

வார நடுவில் ஒரு சாயங்காலம் ஜே.சி. ரோட்டுக்கு மறுபடி போனோம். கடை வாசலில் பாட்டு பிரமாதமாகக் கேட்டது. கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பூஸ்டரை மாற்றினார். அடுத்த ஞாயிறு மறுபடி இரைச்சல். மறுபடி கடை, மறுபடி பாட்டு. வீட்டில் பாடுகிறது, கடையில் பாடுகிறது, வேலை நாளில் மார்க்கெட்டுக்குப் போனால் பாடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறது. "ஹைவேயில ஏதாவது டவர் பிராப்ளமா இருக்கும் மேடம்" என்றார் கடைக்காரர். இவரோ விடுவதாக இல்லை. ஒயரைப் பிரிப்பதும் பின்னுவதுமாக, ஃபாக்டரியிலிருந்து வந்ததும் வண்டியிடம்தான் குந்தியிருந்தார். இந்த வயதில் பாட்டு மேல் இத்தனை மோகமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிறு எனக்கு டூட்டி விழுந்தது. மாற்றிக்கொள்ள ஆளில்லை. பஸ்ஸில் போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "நிதானமா போய்ட்டு வரேன் மா" என்றார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தை.

மத்தியானம் கேஷுவாலிட்டியிலிருந்து வார்டுக்கு போன் வந்தது. ஓல்டு மெட்ராஸ் ரோடு கேஸ், பைக், ஐம்பது ஐம்பத்தைந்து வயசு ஆள், பெட் ரெடி பண்ணுங்க. நான் இவருக்கு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பெட் ரெடி பண்ணச் சொன்னால் விரிப்பை விரிக்க வேண்டும், தலையணை வைக்க வேண்டும். நான் விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நின்றேன். லிஃப்ட் கதவு திறந்தது. நான் பார்த்தது முகத்தை அல்ல, சட்டையைத்தான். நீலக் கட்டம். இவருடையது இல்லை. யாருடைய புருஷனோ. அந்த மனிதரின் மனைவி பின்னாலேயே செருப்பில்லாமல் வந்தாள். நான் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன்.

இவர் சாயங்காலம் வந்தார். அப்பாவுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாராம், போனைப் பார்க்கவில்லையாம். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். என்ன வேகத்தில் வந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நிதானமாத்தான்."

ஊமை ரேடியோவின் மர்மம் அதற்கடுத்த ஞாயிறுதான் உடைந்தது, அதுவும் யாருடைய கெட்டிக்காரத்தனத்தாலும் அல்ல. தங்கவயலுக்குப் போகும்போது நான் எப்போதும் நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியரில் சமைத்து எடுத்துப் போவேன். மாமனாருக்குக் காரமில்லாத குழம்பு, நாத்தனாருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல், சோறு, ரசம். பழைய ஆன்டெனாக் கம்பி இருந்த காலத்திலும் அது அதே பெட்டியில்தான் பயணம் செய்தது. நாத்தனார் கேரியரைக் கழுவிக் கொடுக்கும்போது ஒருநாளும் காலியாகக் கொடுத்ததில்லை. கொழுக்கட்டை இருக்கும், அல்லது முறுக்கு, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையாவது இருக்கும். அவர்கள் வீட்டில் வெறும் பாத்திரம் திரும்பாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

அன்று அங்கே கேஸ் தீர்ந்துபோயிருந்தது. கீரையை முந்தின நாள்தான் பறித்திருந்தார்கள். நாத்தனார் கேரியரைக் கழுவித் துடைத்து, அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "வெறும் கேரியரா எப்படி அண்ணி குடுக்கறது? இங்கயே இருக்கட்டும். வர்ற வாரம் வாங்கிக்கோங்க" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் நான் கைப்பிடிகளை நெரித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். கோலார் தாண்டியபின் இவர் பழக்க தோஷத்தில் ரேடியோவைப் போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது. திடீரென்று என் இரண்டு காதிலும் ஒரு பெண், சேலைக்கடைத் தள்ளுபடியைப் பற்றிக் கன்னடத்தில் பேசினாள். தெளிவாக. அவ்வளவு தெளிவாக அந்த விளம்பரத்தை நான் கேட்டதே இல்லை. வீடு வரும்வரை நிற்காமல் பாடியது.

சந்தில் வண்டியை நிறுத்தியதும் இவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. இவர் காலிப் பெட்டியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இவர் விடுவிடுவென்று சமையலறைக்குள் போய் இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குள் ஃபெல்ட் துணி மேல் வைத்தார். ரேடியோ இரைந்தது. எடுத்தார். பாடியது. வைத்தார், இரைந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அத்தனை வாரமும் நான் அடுக்கடுக்காக எவர்சில்வரைக் கொண்டுபோய் அந்த ஆன்டெனாவின் தலைமேல் உட்காரவைத்திருக்கிறேன். போகும்போது குழம்போடு, வரும்போது முறுக்கோடு. வேலை நாளில் அந்தப் பெட்டியில் பாத்திரம் ஏது? மாடி வீட்டு அம்மா பால்கனியிலிருந்து, வண்டிக்குள் இட்லிப் பானையை வைத்து எடுக்கும் மனிதரையும் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஜே.சி. ரோட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் கேட்கவில்லையே, பெட்டியில் என்ன வைப்பீர்கள் என்று, என்றார். அந்தப் பட்டை ஆன்டெனாவைப் பிரித்து, வண்டியின் முன்பக்கத்துக் கண்ணாடிக்குக் கீழே பிளாஸ்டிக் மூடிக்குள் கொண்டுபோய் ஒட்டினார். அங்கே எந்தப் பாத்திரமும் போகாது. இவர் எதிர்க்கடையில் டீ சொல்லப் போயிருந்தார். கடைக்காரர் ரேடியோவைப் போட்டு, ஏதோ பொத்தான்களை அமுக்கிப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"மேடம், ஆட்டோ வால்யூம் ஆஃப்ல இருக்குதே. ஆன் பண்ணட்டுமா?"

"என்ன வால்யூம்?"

"ஸ்பீடு ஏறினா சவுண்ட் தானா ஏறும்ல, அது. ஆஃப்ல இருக்குது. பேட்டரி எப்பவாச்சும் மாத்தினீங்களா? மாத்தினா இதெல்லாம் ஆஃபுக்குப் போயிடும், திரும்ப நம்மதான் ஆன் பண்ணணும்."

பேட்டரி மாற்றியிருந்தோம். போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில். அன்றைக்குக் கடிகாரமும் தப்பாகக் காட்டியது, இவர் உட்கார்ந்து அதைச் சரி செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அப்ப ஏறுறது?" என்றேன். "அதுக்கப்புறமும் சத்தம் ஏறிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"தானா ஏறாது மேடம். லெஃப்ட் ஹேண்டில்ல பட்டன் இருக்குது, கட்டைவிரலால அமுக்கினா ஏறும். சார் அமுக்கியிருப்பார்."

கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது பயம்தான், வேறென்ன வரும் எனக்கு. இத்தனை காலம் ஒரு மிஷின் சொல்கிறது என்றல்லவா நம்பி உட்கார்ந்திருந்தேன். மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தச் சத்தத்தை ஏற்றியதும் இறக்கியதும் இவர் கை என்றால், எத்தனை தடவை ஏற்றாமலே பறந்திருப்பார்? எத்தனை தடவை நான் ஏமாந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? கோபம்கூட வந்தது. அப்புறம்தான் இன்னொரு கேள்வி எழுந்தது. ஏமாற்ற நினைக்கிறவர் எதற்காக ஏற்ற வேண்டும்? நான் தட்டுவேன் என்று தெரிந்தே ஏன் ஏற்ற வேண்டும்? பேட்டரி மாற்றியதற்குப் பிறகு எத்தனை ஞாயிறுகள் நான் தட்டியிருக்கிறேன். ரேடியோ ஊமையானதும் வண்டியிடம் குந்திக் குந்தி அந்த மனிதர் தேடியது பாட்டைத்தானா?

"ஆன் பண்ணிடட்டுமா?" என்று கடைக்காரர் மறுபடி கேட்டார்.

இவர் டீ கிளாஸ்களோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பார்க்காமல், வழக்கம்போல.

"வேணாம்" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் காய் நறுக்கிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "ஏங்க, வேகமா போனா ரேடியோ சத்தம் ஏறுதே, அது தானாத்தானே ஏறுது?"

"ஆமா. மிஷின் அது" என்றார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மறுநாள் ஞாயிறு. கேரியர் நாத்தனார் வீட்டில் இருந்ததால் வேறு எவர்சில்வர் தூக்குகளில் சமைத்து அடுக்கிப் பெட்டியில் வைத்தேன். ரேடியோ அதற்கெல்லாம் அசையவில்லை, பாடியது. நான் எப்போதும் வலது பக்கம் பார்த்து உட்காருகிறவள். லாரி அந்தப் பக்கம்தான் வரும். அன்று முதல்முறையாக இடது பக்கம் சாய்ந்து, அவருடைய முழங்கையைத் தாண்டி, கைப்பிடியில் இருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உறை போட்ட கை. கட்டைவிரல் மட்டும் தளர்வாக, பொத்தான் மேல் படுத்திருந்தது.

கே.ஆர். புரத்தில் அது அசையவில்லை. ஹொசகோட்டே தாண்டியதும் ஒரு அமுக்கு, பாட்டு ஏறியது. டோல்கேட் வந்ததும் கீழே ஒரு அமுக்கு, இறங்கியது. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாட்டு எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை. நரசாபுரம் நெருங்கியது. அந்த இடத்தில், ஒரு நாய் குறுக்கே வந்த அதே நீளமான ரோட்டில், காற்று என் ஹெல்மெட்டைப் பின்னால் தள்ள ஆரம்பித்தது. துப்பட்டா தெறித்தது. பாட்டு அதே சத்தத்தில் இருந்தது. நான் கட்டைவிரலைப் பார்த்தேன். அது படுத்துக் கிடந்தது. ஒரு லாரி பின்னால் போனது, இன்னொன்று போனது. தட்டலாமா? தட்டக் கை எழுந்தது, அதை நானே இழுத்துத் தொடையில் வைத்துக்கொண்டேன். இப்போது தட்டினால் எனக்கு எதுவும் தெரியாமலே போய்விடும். அந்த ஒரு ஃபர்லாங் தூரத்துக்கு நான் என் வாழ்நாள் பயத்தையெல்லாம் சேர்த்துப் பயந்தேன்.

கட்டைவிரல் எழுந்தது. கொஞ்சம் தயங்கி, அமுக்கியது. பாட்டு ஏறியது. இன்னொரு முறை அமுக்கியது. ரேடியோக்காரப் பெண் என் காதில் கத்தினாள்.

இந்த மனிதருடைய வாய் வேகத்தைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் உண்மை பேசியதில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோதுகூடப் பேசவில்லை. நான் கையை எடுத்து அவர் முதுகில் தட்டினேன். வண்டி தணிந்தது. கட்டைவிரல் பொறுப்பாகக் கீழே இறங்கி அமுக்கியது.

தங்கவயலில் வண்டியை விட்டு இறங்கியதும் மாமனார் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "பாத்து வந்தீங்களாடா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"நிதானமாத்தான் வந்தோம்பா" என்றார் இவர்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, ஆமாம் மாமா என்றேன்.